மேகம் வந்தால் பனி உருகுமா? அதைத் தெரிந்துகொள்ள விமானம் எதற்கு?

உச்சிப்புளியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: துருவப் பக்கத்து மேகங்களை அளக்க ஜெர்மன்காரர்களும் அமெரிக்கர்களும் ஆராய்ச்சி விமானங்களை அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள், மேலே இத்தனை செயற்கைக்கோள் சுற்றும்போது அது எதற்கு? கூடவே இன்னொரு கேள்வி. மேகம் வந்தால் நிழல் விழும், குளிரும், இதுதானே நமக்குத் தெரிந்தது. அங்கே மட்டும் மேகம் பனியை உருக்குகிறது என்கிறார்களே, அது எப்படி?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொன்னால்தான் முதல் கேள்வி பிடிபடும். நான் இந்த மாவட்டத்துச் சூரிய மின் நிலையங்களில் கதிர்வீச்சு அளவிகளைப் பராமரிக்கும் வேலையில் இருப்பவன். கமுதிப் பக்கம் நான் துடைத்துச் சரிபார்க்கும் பைரனோமீட்டர் என்ற வெயில் அளவியும், அந்த விமானங்களின் முதுகிலும் வயிற்றிலும் பொருத்தியிருக்கும் கருவியும் ஒரே குடும்பம். அதனால் இந்த விஷயத்தைப் பல வருஷமாக விடாமல் படித்துக்கொண்டு வருகிறேன்.

மேகம் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது. வெயிலைத் திருப்பி அனுப்புகிறது, அது குளிர்விக்கும் வேலை. தரையிலிருந்து கிளம்பும் வெப்பக் கதிரை, அதாவது கண்ணுக்குத் தெரியாத நெட்டலைக் கதிரை, உறிஞ்சிக்கொண்டு தன் பங்குக்குக் கீழே அனுப்புகிறது, அது சூடேற்றும் வேலை. எது ஜெயிக்கிறது என்பதுதான் கணக்கு. உலகம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் குளிர்விப்பதுதான் ஜெயிக்கிறது, ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 13 வாட். 1989-இல் செயற்கைக்கோள் அளவுகளை வைத்து இதை நிறுவிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் வி. ராமநாதன், நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். அவர் பெயர் கீழே இன்னொரு இடத்திலும் வரும்.

நம் கடற்கரையில் இந்தக் கணக்கு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். சித்திரை பிறக்கிற சமயத்தில் நடுப்பகல் சூரியன் ராமநாதபுரத்துக்குக் கிட்டத்தட்ட நேர் உச்சியில் நிற்கும். கீழே மன்னார் வளைகுடா, விழுகிற வெயிலில் பெரும்பகுதியை விழுங்கிவிடும் கருநீலத் தண்ணீர். அதன் மேல் ஒரு வெள்ளை மேகம் வந்தால் தண்ணீருக்குள் போக வேண்டிய வெயில் மேலேயே திரும்பிவிடுகிறது. நெட்டலைப் பக்கம் மேகத்துக்கு இங்கே பெரிய வேலை இல்லை, ஏனென்றால் நம் காற்றில் ஈரம் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது, அந்த நீராவியே வெப்பத்தை வெளியே போகவிடாமல் முக்கால்வாசி தடுத்துவிடுகிறது. ஐப்பசி மழை வருவதற்கு முன்னால் மேகமே இல்லாத இரவிலும் பாம்பனில் புழுக்கம் தாங்க முடியவில்லை என்றால் காரணம் அதுதான்.

துருவத்தில் மூன்றும் தலைகீழ். காற்றில் ஈரம் மிகக் குறைவு, ஆகவே மேகம் இல்லாத வானம் திறந்த கூரை, வெப்பம் நேராக விண்வெளிக்குப் போய்விடும். சூரியன் பல மாதம் இருப்பதே இல்லை, இருக்கும்போதும் சாய்ந்து கிடக்கும். மூன்றாவது, தரையே வெள்ளை. வாலிநோக்கம் உப்பளத்தில் அம்பாரம் அம்பாரமாக உப்பைக் குவித்திருக்கும்போது நடுப்பகலில் அதன் நடுவே நின்றவர்களுக்கு அந்தக் கூச்சம் தெரியும். கடற்பனியின் மேல் புதுப்பனி விழுந்த பரப்பு அப்படித்தான், தன்மேல் விழும் வெயிலில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். ஏற்கெனவே அவ்வளவு திருப்பி அனுப்பும் தரைக்கு மேல் இன்னொரு வெள்ளை மேகம் வந்து என்ன பெரிதாகத் திருப்பிவிடப்போகிறது? குளிர்விக்கும் வேலை அடிபட்டுப் போகிறது, சூடேற்றும் வேலை மட்டும் மிஞ்சுகிறது.

1997 அக்டோபரில் ஒரு கனடியப் பனியுடைப்புக் கப்பலை வேண்டுமென்றே அலாஸ்காவுக்கு வடக்கே பனியில் உறையவிட்டு, ஒரு வருஷம் பனியோடு மிதக்கவிட்டு அளந்தார்கள். ஷீபா என்று பெயர். குளிர்காலத்தில் அங்கே தரையின் நெட்டலை வரவுசெலவு இரண்டே நிலைகளில்தான் இருந்தது: வானம் தெளிந்திருந்தால் ஒரு சதுர மீட்டருக்கு 40 வாட் போல இழப்பு, தாழ்ந்த நீர்மேகம் மூடியிருந்தால் இழப்பு கிட்டத்தட்டப் பூஜ்யம். இடைநிலை அபூர்வம். வருஷக் கணக்கில் பார்த்தால், நடுக்கோடையில் பனி உருகித் தரை கறுக்கிற கொஞ்ச நாள் தவிர மற்ற நாளெல்லாம் மேகம் சூடேற்றியது.

இங்கே "நீர்மேகம்" என்று சொன்னேன், அதைக் கவனித்திருப்பீர்கள். பூஜ்யத்துக்குக் கீழே 10, 20 டிகிரி போனாலும் மேகத்துளி உறையாமல் தண்ணீராகவே இருக்க முடியும். உறைவதற்குப் பற்றுக்கோடாக ஒரு தூசித் துகளோ வேறு எதுவோ கிடைக்காவிட்டால் மைனஸ் 38 டிகிரி வரைகூடத் தாக்குப்பிடிக்கும். இந்த உறையாத் தண்ணீர்தான் முழு விஷயத்தின் மையம். பனித்துகள் மட்டும் இருக்கும் மேகம் பெரும்பாலும் மெல்லிய சல்லடை, வெப்பம் ஓடிவிடும். தண்ணீர்த்துளி மேகமோ, ஒரு சதுர மீட்டருக்கு மேலே நிற்கும் தண்ணீரையெல்லாம் வழித்தெடுத்தால் 30, 40 கிராம் தேறினாலே போதும், வெப்பக் கதிருக்கு ஏறக்குறைய முழு மூடி. அவ்வளவுதான், இரண்டு மூன்று மேஜைக்கரண்டித் தண்ணீர்! 2012 ஜூலையில் கிரீன்லாந்துப் பனிப்பாளத்தின் மேற்பரப்பு ஏறத்தாழ முழுவதும், 3,200 மீட்டர் உயரத்து உச்சி உட்பட, சில நாள் உருகியதே, வெதுவெதுப்பான காற்று வந்ததோடு இப்படிப்பட்ட மெல்லிய நீர்மேகமும் கைகொடுத்ததால்தான் உச்சியில் வெப்பநிலை பூஜ்யத்தைத் தாண்டியது. வெயிலை உள்ளே விடும் அளவுக்கு மெல்லியது, வெப்பத்தை வெளியே விடாத அளவுக்குக் கனமானது.

சரி, இனி செயற்கைக்கோள். அங்கிருந்து படம் பிடித்தால் வெள்ளைமேல் வெள்ளை, மேகம் எது பனி எது என்று பிரிப்பதே பாடு. வெப்பநிலையை வைத்துப் பிரிக்கலாமே என்றால், துருவத்தில் பல சமயம் தரைதான் அதிகக் குளிர், மேகம் அதைவிடச் சூடாகவே இருக்கும். பூமியின் மற்ற பகுதிகளில் கைகொடுக்கும் "குளிர்ந்திருந்தால் மேகம்" என்ற சூத்திரம் அங்கே காலை வாரிவிடும். ரேடார் வைத்த செயற்கைக்கோள் ஒன்று 2023 வரை அளந்துகொண்டிருந்தது, 2006-இல் போன கிளவுட்சாட். ஆனால் தரையில் பட்டுத் திரும்பும் எதிரொலி கடைசி ஒரு கிலோமீட்டர் அளவுக்கு எல்லாவற்றையும் அமுக்கிவிடும், துருவத்தின் தாழ்மேகங்கள் குடியிருப்பதோ பெரும்பாலும் அந்தக் கடைசி ஒரு கிலோமீட்டரில்தான். லேசர் ஒளியை அனுப்பும் லைடார், தண்ணீர் மேகத்தின் உச்சியை அழகாகக் காட்டும், கொஞ்சம் கனமான மேகம் என்றால் உள்ளேயே அடங்கிப்போய்விடும், அடிப்பாகம் தெரியாது. 2024 மே மாதம் ஏவிய எர்த்கேர் இதைவிட நன்றாகப் பார்க்கிறது. ஆனாலும் அது சொல்வது சரிதானா என்று யாராவது மேகத்துக்குள் போய்த்தானே பார்க்க வேண்டும்?

இன்னொரு அடிப்படைக் காரணமும் உண்டு. ஒரு மேகம் எவ்வளவு வெப்பத்தை வைத்துக்கொள்கிறது, எவ்வளவு இழக்கிறது என்று அறிய மேகத்துக்கு மேலே ஓர் அளவு, கீழே ஓர் அளவு, இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டும், அந்த இரண்டின் கழித்தலில்தான் விடை இருக்கிறது. இதை நமக்குப் பக்கத்திலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். 2006 மார்ச்சில், நான் முன்னே சொன்ன ராமநாதன் குழு, மாலத்தீவின் ஹனிமாதூ தீவிலிருந்து மூன்று ஆளில்லாச் சிறு விமானங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிப் பறக்கவிட்டது, ஒன்று மேலே, ஒன்று நடுவே, ஒன்று கீழே. தெற்காசியாவின் பழுப்புப் புகைமூட்டம் வெயிலால் கீழ் வளிமண்டலம் சூடாவதைச் சுமார் 50 சதவீதம் கூட்டுகிறது என்று அந்த மூன்றின் வித்தியாசத்திலிருந்துதான் கண்டார்கள். நம் தெற்குக் கடலின் மேல் மாசி பங்குனியில் மங்கலாகத் தெரிகிற அதே புகைமூட்டம்தான். துருவத்தில் செய்வதும் இதே அடுக்குமுறை, ஆளோடு போகும் பெரிய விமானத்தில்.

ஜெர்மனியின் பிரேமர்ஹாஃபனில் இருக்கும் ஆல்ஃபிரட் வெகனர் நிறுவனத்திடம் போலார் 5, போலார் 6 என்று இரண்டு விமானங்கள் இருக்கின்றன. 1935-இல் முதலில் பறந்த டக்ளஸ் டிசி-3 மாதிரியின் பழைய உடல், அதை நீட்டி, புது டர்போபிராப் எஞ்சின் மாட்டி, பனியில் இறங்கச் சறுக்குப்பட்டையும் பொருத்தியது. பார்க்கப் பழசு, மெதுவாகவும் தாழ்வாகவும் பறக்கும், இந்த வேலைக்கு அதைவிட நல்லது இல்லை என்பது என் அபிப்பிராயம். 2017 மே, ஜூனில் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவிலிருந்து ஏகிளவுட் என்ற திட்டத்தில் இரண்டையும் சேர்த்துப் பறக்கவிட்டார்கள். போலார் 5 மூன்று கிலோமீட்டர் உயரம்போல் மேலே நின்று லைடார், ரேடாரால் கீழே பார்க்கும். போலார் 6 அதே மேகத்துக்குள் புகுந்து புகுந்து வரும், சில சமயம் கடலுக்கு மேலே 100 மீட்டருக்கும் கீழே இறங்கும். அதே சமயம் போலார்ஷ்டெர்ன் கப்பலின் ஆட்கள் பனிப்பாளத்தில் கூடாரமடித்துத் தரையிலிருந்து அளந்தார்கள்.

இப்போது கருவிக்கு வருகிறேன், எனக்கு மனதுக்குப் பிடித்த இடம் இதுதான். பைரனோமீட்டர் என்பது கண்ணாடிக் குமிழுக்குள் ஒரு கறுப்புத் தட்டு. வெயில் பட்டால் தட்டு சூடாகும், அந்தச் சூடு சிறு மின்னழுத்தமாக வெளியே வரும். உள்ளே ஈரம் சேராமல் இருக்கச் சிலிக்கா ஜெல் குப்பி ஒன்று, பக்கத்தில் நீர்மட்டம் பார்க்கும் குமிழி ஒன்று. நம் பக்கம் உப்புக்காற்று அடிப்பதால் கண்ணாடியில் வெள்ளைப் பொருக்கு கட்டும், விட்டுவிட்டால் கணக்கு தப்பும், துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நீர்மட்டக் குமிழி வட்டத்துக்குள் நிற்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும். நெட்டலைக்குப் பைர்ஜியோமீட்டர் என்று இதன் தம்பி ஒன்று உண்டு, கண்ணாடிக்குப் பதில் பூச்சு பூசிய சிலிக்கான் குமிழ், வெயிலைத் தடுத்து வெப்பக் கதிரை மட்டும் உள்ளே விடும். விமானத்தின் மேல்புறம் ஒரு ஜோடி, அடிப்புறம் ஒரு ஜோடி. மேலிருந்து வருவது, கீழிருந்து வருவது, இரண்டும் கிடைத்துவிடும்.

அந்த நீர்மட்டக் குமிழிதான் துருவத்தில் உயிர். சித்திரை முதல் நாள் நடுப்பகலில் ராமநாதபுரத்தில் என் கருவி ஒரு டிகிரி சாய்ந்திருந்தால் நேர் வெயிலின் அளவில் வரும் பிழை 0.02 சதவீதம்கூட இல்லை, யாருக்கும் தெரியாது. அதே நாள் ஸ்வால்பார்டில் சூரியனின் நடுப்பகல் உயரமே சுமார் 21 டிகிரிதான். அங்கே அதே ஒரு டிகிரி சூரியன் பக்கமாகச் சாய்ந்தால் பிழை 4 சதவீதத்துக்கு மேல். விமானமோ பறக்கும்போது மூக்கைத் தூக்கியே பறக்கும், எரிபொருள் குறையக் குறைய அந்தக் கோணமும் மாறும், காற்றில் ஆடவும் செய்யும். ஆகவே விமானத்தின் ஆட்டத்தை நொடிக்கு நொடி பார்த்து எதிர்ப்பக்கம் திருப்பிச் சமன் செய்யும் மேடையில் அலைநீளவாரியாக அளக்கும் கருவியை வைக்கிறார்கள். சாதாரண அளவிகளை விமானத்தோடு இறுக்கிவிட்டு, அப்புறம் கணக்கில் திருத்துகிறார்கள். திருத்தம் சரிதானா என்று பார்க்க, மேகத்துக்கு மேலே தெளிந்த வானத்தில் சதுரம் போட்டு நான்கு திசையிலும் பறப்பார்கள். எந்தத் திசையில் போனாலும் ஒரே அளவு வந்தால் கருவி மட்டமாக இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது வேகம். கறுப்புத் தட்டு சூடாகி ஆறச் சில விநாடி பிடிக்கும், விமானம் அதற்குள் சில நூறு மீட்டர் போய்விடும். கீழே பனி விரிசல் விட்டுக் கறுப்புத் தண்ணீர் தெரிகிற வாய்க்கால் ஒன்று வந்தால் அது பதிவில் மங்கலாக இழுபட்டுத்தான் தெரியும், பின்னால் கணிதத்தால் கூர்மையாக்க வேண்டியிருக்கும். மெதுவாகப் பறக்கும் பழைய விமானம் நல்லது என்று நான் சொல்வதற்கு இதுவும் காரணம்.

மேகத்துக்குள் புகுந்தால் வேறு கருவிகள். இறக்கையின் கீழே தொங்கும் ஒரு குழல் லேசர் ஒளியைக் குறுக்கே பாய்ச்சி, கடந்துபோகும் ஒவ்வொரு துளியும் சிதறவிடும் ஒளியை வைத்து அதன் பருமனைச் சொல்லும். இன்னொன்று பனித்துகளின் நிழலைப் படமெடுக்கும், நட்சத்திரமா ஊசியா தகடா என்று பார்க்கலாம். நெவ்சோரோவ் அளவி என்று ஒன்று, சூடாக்கிய கம்பியின் மேல் துளிகள் மோதி ஆவியாகும். கம்பி ஆறாமல் இருக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்பட்டது என்பதிலிருந்து எவ்வளவு தண்ணீர் என்று தெரிந்துவிடும். இதில் பல வருஷம் தொல்லை கொடுத்த விஷயம், பெரிய பனித்துகள் கருவியின் முனையில் மோதிச் சிதறிப் பல துண்டாக எண்ணப்பட்டது. முனையின் வடிவத்தையே மாற்றிய பிறகுதான் மேகத்தில் உண்மையில் எத்தனை பனித்துகள் என்பது ஓரளவு நம்பும்படி ஆனது.

எத்தனை என்பது ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், பனியும் தண்ணீரும் ஒரே மேகத்தில் நிலையாகச் சேர்ந்து வாழ முடியாது. ஒரே குளிரில் பனியின் மேல் நிற்கக்கூடிய நீராவி அழுத்தம் தண்ணீரின் மேல் நிற்பதைவிடக் குறைவு, மைனஸ் 15 டிகிரியில் வித்தியாசம் சுமார் 14 சதவீதம் வரும். அதனால் துளிகள் ஆவியாகிக் கொடுப்பதைத் தின்று பனித்துகள் வளரும், கனத்துக் கீழே விழும். 1911-லேயே இதைக் கவனித்தவர் அந்த ஆல்ஃபிரட் வெகனர்தான், கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்ன அதே மனிதர், 1930-இல் கிரீன்லாந்துப் பனியிலேயே இறந்தவர். கணக்குப்படி இந்த மேகங்கள் சில மணி நேரத்தில் தண்ணீர் வற்றிக் கலைந்துவிட வேண்டும். ஆனால் நாள்கணக்கில் நிற்கின்றன!

நிற்பதற்கான காரணத்தை மேலும் கீழும் அளந்த கதிர்வீச்சு எண்கள் சொல்கின்றன. மேகத்தின் உச்சி விண்வெளியைப் பார்த்துக்கொண்டிருப்பதால் வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கும். உச்சியில் 100 மீட்டர் அடுக்கு ஒன்று சதுர மீட்டருக்கு 60 வாட் இழக்கிறது என்று வையுங்கள், கணக்குப் போட்டால் மணிக்கு ஒன்றரை டிகிரிக்கு மேல் குளிரும். குளிர்ந்த காற்று கனத்து இறங்கும், கீழிருந்து ஈரக்காற்று ஏறும், ஏறும் காற்றில் புதுத்துளி பிறக்கும். இப்படித் தண்ணீரை இழந்தபடியே தண்ணீரை உண்டாக்கியும் கொள்கிறது. பனித்துகள் கொஞ்சமாக இருந்தால் இந்தச் சுழற்சி ஓடும், அதிகமானால் நின்றுபோகும். அந்த எல்லை எங்கே என்பதுதான் விமானம் தேடும் விடை.

இது வெறும் ஆர்வத்துக்காக இல்லை. 1979-க்குப் பிறகு ஆர்க்டிக் உலகச் சராசரியைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது, அதில் மேகத்தின் பங்கு எவ்வளவு என்பதில் கணினியில் ஓடும் காலநிலை மாதிரிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. தென்துருவப் பக்கம் இன்னும் மோசம்: பல மாதிரிகள் தென்பெருங்கடல் மேகங்களில் தண்ணீரைக் குறைவாகவும் பனியை அதிகமாகவும் வைத்திருந்ததால் கடலுக்குள் அளவுக்கு மீறி வெயிலை விட்டன. 2018 ஜனவரி, பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டிலிருந்து ஒரு ஆராய்ச்சி ஜெட் தெற்கே போய் அந்த மேகங்களுக்குள் உறையாத தண்ணீரைத் தாராளமாகப் பார்த்தது. நம் பருவமழையைக் கணிப்பதும் இதே வகை மாதிரிகள்தான், வெப்பக் கணக்கு ஓரிடத்தில் தப்பினால் அந்தத் தப்பு அங்கேயே நிற்காது.

விமானத்துக்கும் குறை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். உறையாத் தண்ணீர் இறக்கையில் பட்டதும் உறையும். தேடிப்போகும் பொருளே விமானத்துக்கு ஆபத்து. இறக்கை விளிம்பில் ரப்பர் பை ஊதி அந்தப் பனியை உடைத்து உதிர்ப்பார்கள், உதிராவிட்டால் விமானி அன்றைய அளவீட்டை விட்டுவிட்டு மேகத்தைவிட்டு வெளியே வந்துவிடுவார், வரத்தான் வேண்டும். அப்புறம், போவது பெரும்பாலும் வசந்தத்திலும் கோடையிலும். துருவத்தின் நீண்ட இரவில் பறந்த அளவீடுகள் மிகக் குறைவு, மேகம் அதிகம் சூடேற்றுவதோ அப்போதுதான். 2022 மார்ச், ஏப்ரலில் ஹேலோ என்ற பெரிய ஜெட்டையும் போலார் விமானங்களையும் சேர்த்து, வடக்கே போகும் வெப்பக் காற்றையும் தெற்கே இறங்கும் குளிர்காற்றையும் கூடவே தொடர்ந்து போய் அளந்தார்கள். அந்தப் போக்கு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, ஏனென்றால் ஒரு மேகத்தை ஒரு தடவை பார்ப்பதைவிட அது மாறுவதைப் பார்ப்பது பெரிது.

தம்பி, நீங்கள் இயற்பியல் படிப்பதாக எழுதியிருந்தீர்கள், அதனால் இதையும் சொல்கிறேன். ஸ்வால்பார்டின் நியூ ஓலெசுண்டில் 2008 முதல் நம் நாட்டின் ஹிமாத்ரி நிலையம் இருக்கிறது, கோவாவில் உள்ள தேசியத் துருவ, பெருங்கடல் ஆராய்ச்சி மையம் நடத்துவது. 2017-இல் அந்த விமானங்கள் அந்த ஊருக்கு மேலேயும் பறந்து அளந்திருக்கின்றன. புனேயில் இருக்கும் வெப்பமண்டல வானிலை நிறுவனம் 2009-இலிருந்து பல கட்டங்களாக விமானத்தில் போய் நம் பருவமழை மேகங்களை அளந்திருக்கிறது. மேகத்துக்குள் பறக்கவும் துருவத்தில் தங்கவும் தெரிந்தவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள், இரண்டையும் இணைக்க வேண்டும் என்பது என் ஆசை. ஏகிளவுட் அளவீடுகள் பாஞ்சியா என்ற தரவுக் களஞ்சியத்தில் பொதுவில் கிடக்கின்றன, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். ஓரளவு பைதான் தெரிந்தால் போதும். போலார் விமானத்தின் மேல்நோக்கிய, கீழ்நோக்கிய நெட்டலை அளவுகளை எடுத்து, பனிக்கு மேல் தாழ்வாகப் பறந்த பகுதியை மட்டும் பிரித்து, இரண்டின் வித்தியாசத்தை வரைந்து பாருங்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஒரு கூட்டமும் பெரிய இழப்பில் இன்னொரு கூட்டமும் பிரிந்து வருகிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள், அடுத்து குறுஅலைக்கு, அதாவது வெயில் கதிருக்கு, போகலாம்.